இரண்டாவது பொத்தான்

என் வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டதாக மருத்துவர் சொன்னபோது, இனிக் கத்தரி பிடிக்கலாமா என்பதைத்தான் முதலில் கேட்டேன். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடியே, எதை வெட்டுவதற்கு என்றார். மாதுளை என்றேன்.

"பழமாம்மா?"

"மரம்."

அவர் படத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியையிடமிருந்து அவர் எதிர்பார்த்த விடை அதுவல்ல. "யாராவது ஆள வெச்சு வெட்டிக்கிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு மருந்துச் சீட்டு எழுதக் குனிந்துவிட்டார்.

ஆள் வைத்து வெட்டிய கதையை அவரிடம் சொல்லிப் பயனில்லை. ஒத்தக்கடையில் நாங்கள் வீடு கட்டியபோது சுற்றிலும் வெறும் மனைகளாகக் கிடந்தன. இன்று நான்கு பக்கமும் மாடிகள். எங்கள் வீட்டின் பின்புறத்தில் மட்டும், சிமென்ட் பூசலாம் என்று யார் சொன்னாலும் இணங்காமல் நான் காத்துவரும் கொஞ்சம் மண் இருக்கிறது. அதில் நான்கு மாதுளை, ஓர் எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை. மாதுளைக்கு மார்கழியில் கவாத்து செய்ய வேண்டும். கவாத்து என்றால் கிளை கழிப்பது. எந்தக் கிளையைக் கழிப்பது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. மாதுளை, பழைய கிளைகளில் முளைக்கும் குட்டையான சிறுகிளைகளின் நுனியில்தான் காய்க்கும். அடித்தூரிலிருந்து விறைப்பாக நிமிரும் போத்துகள் பார்வைக்குச் செழிப்பாக இருக்கும். ஒரு பூவும் வைக்காது. ஆகவே போத்தை எடுக்க வேண்டும், காய்ந்ததை எடுக்க வேண்டும், ஒன்றோடொன்று உரசுவதில் ஒன்றை எடுக்க வேண்டும், அந்த அசட்டுத் தோற்றமுள்ள குட்டைக் கிளைகளைத் தொடாமல் விட வேண்டும். ஒவ்வொரு மரத்தின் முன்பும் கால் மணி நேரமாவது வெறுமனே நின்று பார்த்த பிறகே நான் கத்தரியைத் திறப்பேன்.

முந்தைய மார்கழியில் விரல் ஒத்துழைக்காததால் ஓர் ஆளை அழைத்தோம். நான் உள்ளே போய்க் காப்பி கலந்து எடுத்துவருவதற்குள் நான்கு மரங்களையும் என் இடுப்பளவுக்கு ஒரே மட்டமாக வெட்டி முடித்திருந்தார். "சம்மர் கட்டிங் போட்ட மாதிரி இருக்குல்லம்மா?" என்று பெருமையாகக் கேட்டார். ஆமாம், அப்படியேதான் இருந்தது. அந்த ஆண்டு முழுவதும் நான்கு மரங்களிலும் ஒரு காய்கூடக் காணவில்லை. இன்னொரு மார்கழி அப்படிப் போனால் மரங்கள் இருக்கும். ஆனால் என்னுடையவையாக இருக்காது. அவற்றை என் கை வெட்ட வேண்டும். இந்த ஓர் ஆசைக்காக நான் கடந்த ஆண்டு பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

என் கணவர் கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் இருந்தவர். தகடுகளை அழுத்தி வடிவம் வெட்டும் பவர் பிரஸ் இயந்திரத்தில் வேலை. எங்களுக்குத் திருமணமாகிச் சில ஆண்டுகளில், அந்த இயந்திரம் ஒருமுறை அடித்துவிட்டுத் தானாகவே மறுமுறையும் அடித்ததில், அவருடைய இடக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றுவிட்டன. "மெஷின் டபுள் அடிச்சிருச்சு" என்பதுதான் அன்றுமுதல் எங்கள் வீட்டில் அந்த நிகழ்ச்சிக்குப் பெயர். அதற்குப் பிறகு அவரைப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். பணி ஓய்வு பெறும்வரை இயந்திரங்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார். ஓய்வுக்குப் பிறகு, கார் இல்லாத எங்கள் கார் ஷெட்டைப் பட்டறையாக்கிக்கொண்டு வீட்டிலுள்ளவற்றைப் பிரித்து மாட்டத் தொடங்கினார்.

புதுக் கருவிகள் எங்கள் வீட்டுக்கு வருவதில் ஓர் ஒழுங்கு உண்டு. சென்னையிலிருக்கும் மகள் கைப்பேசியில் எதையாவது பார்ப்பாள், "அம்மா, ஒனக்கு ரொம்ப வசதியா இருக்கும்" என்பாள், நான் ஆசைப்படுவேன், பெட்டி வரும், அதை அவர் பிரிப்பார். தரை கழுவ அழுத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் ஒன்று அப்படி வந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றின் உப்பு அதன் மூக்கை இரண்டே மாதத்தில் அடைத்தது. அவர் அதை வினிகரில் ஊறவைத்து, ஊசியால் குத்தி, கடைசியில் மூக்கையே அறுத்துவிட்டார். அன்றுமுதல் அது பெருஞ்சத்தத்தோடு சாதாரணக் குழாய் அளவுக்குத் தண்ணீர் விடுகிறது. மண்ணின் ஈரத்தை அளக்கும் கம்பி வந்தது. எங்கே குத்தினாலும் "காய்ந்திருக்கிறது" என்றே காட்டியது. அதை ஒரு வாளித் தண்ணீருக்குள் விட்டு, முள் நகர்வதைப் பார்த்த பிறகு, "சாமான் நல்ல சாமான்தேன், ஒம்மண்ணுதேன் சரியில்ல" என்று தீர்ப்புச் சொன்னார். இவற்றில் எனக்கென ஒதுக்கப்பட்ட வேலை ஒன்றுதான்: "டீச்சர், இந்த டார்ச்சக் கொஞ்சம் பிடி." திருமணமான புதிதில் கேலியாகத் தொடங்கிய அந்த விளி இன்றும் மாறவில்லை. எனக்கென்று வந்த கருவி ஒன்றையாவது நான் முதலில் தொட்டதாக நினைவில்லை.

எனவே பேட்டரியால் இயங்கும் கவாத்துக் கத்தரி ஒன்று இருப்பதாக மகள் சொன்னபோது, நான் முன்கூட்டியே எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். பெட்டி வந்த அன்று அவள் தொலைபேசியில் ஒலிபெருக்கி வழியாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் மேசையின் மறுபுறம் அமர்ந்து ஒட்டுத்தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"கையால அமுக்கவே வேணாம்மா. டிரிக்கர லேசாத் தொட்டாப் போதும். வெரல் கனம் இருக்கிற கட்டைய ஒரே வெட்டுல வெட்டிருமாம்."

அவர் நிமிர்ந்தார். "என்ன கனம்?"

"வெரல் கனம்ப்பா."

கத்தரியைப் பாதி வெளியே எடுத்திருந்தார். கிளியின் அலகு போன்ற வளைந்த வாய், அதன் கீழே துப்பாக்கியின் விசை போல ஒன்று. அதை ஒரு கணம் பார்த்தார். திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"அடுத்த வாரம் ஆயுத பூசை. பூசை போடாமப் புதுச் சாமானத் தொடக் கூடாது."

கோயிலுக்கு என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கும் மனிதர் இதைச் சொன்னார். நான் பொறுத்தேன். ஆயுத பூசையன்று ஸ்பானர்களுக்கும் துளையிடும் இயந்திரத்துக்கும் நடுவில் அதுவும் சந்தனப் பொட்டோடு இருந்தது. மறுநாள் கேட்டேன். சார்ஜ் சரியாக நிற்கவில்லையாம், பார்க்க வேண்டுமாம். ஐப்பசி முழுவதும் பார்த்தார். மழை பெய்துகொண்டிருந்ததால் நானும் வற்புறுத்தவில்லை. கார்த்திகையில் பட்டறைக்குள் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். என் கத்தரி உடல் பிளந்து கிடந்தது. உள்ளிருந்து சிவப்பும் கறுப்புமாக ஒயர்கள் வெளியே வந்திருந்தன.

"என்ன பண்றீங்க?"

"ஒனக்குத்தேன் பண்றேன். பொறு."

முப்பத்து மூன்று ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் நான். பொறுமையை எனக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும், மகள் எனக்காக வாங்கித் தந்த ஒன்று, ஒரே ஒருமுறைகூட என் கைக்கு வராமல் பிளந்து கிடந்ததைப் பார்த்ததும், அங்கே நிற்க மனமில்லாமல் அடுக்களைக்குத் திரும்பிவிட்டேன். அன்று சமையலில் உப்பு சற்றுக் கூடிவிட்டது. அவர் மோரைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

மார்கழி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னர் கத்தரியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அதன் பக்கவாட்டில் இரண்டாவதாக ஒரு கைப்பிடி முளைத்திருந்தது; அதன் உச்சியில் பச்சை நிறத்தில் ஒரு பொத்தான்.

"வலது கையில டிரிக்கரு, இடது கையில பட்டன். ரெண்டையும் ஒண்ணா அமுக்குனாத்தேன் ஓடும். ஒண்ண விட்டாலும் நின்னுரும். பிரஸ்ல இப்பிடித்தேன். ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா, உள்ள கொண்டுபோறதுக்குக் கை ஏது?"

வேலை மிகச் சுத்தமாக இருந்தது. ஒயர் தெரியவில்லை, பிசின் வழியவில்லை. அதுதான் என்னை இன்னும் சோர்வடையச் செய்தது. இதை அரைகுறையாகச் செய்திருந்தால் குறை சொல்லியிருக்கலாம்.

"கிளைய யாரு பிடிக்கிறது?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்வி அவருக்கு விளங்கவில்லை. தகடு மேசைமேல் அசையாமல் இருக்கும். மாதுளைக் கிளை அப்படியன்று. அது மெலிந்தது, துவளக்கூடியது, முள் உடையது. இடக்கையால் பற்றி இழுத்து நிறுத்தாவிட்டால் வெட்டும் வாய் அதைத் தள்ளிக்கொண்டே போகும். பட்டை உரிந்து தொங்கும். மரத்தடிக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். ஒரு போத்து மூன்று முறை நழுவி, நான்காம் முறை நார் நாராகக் கிழிந்தது.

"பழகணும் டீச்சர். மொதல்ல எல்லாமே கஷ்டமாத்தேன் இருக்கும்."

"இது பழக்கத்துல வர்றதில்லைங்க. பிடிக்காம வெட்ட முடியாது."

"சரி, நான் பிடிக்கிறேன். நீ வெட்டு."

"உங்க வெரல் மட்டும் வெரலில்லையா?"

"எனக்குத்தேன் ஏற்கெனவே போச்சே" என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இருந்தும் ஒரு காலைப்பொழுது அப்படியும் முயன்றோம். நான் ஒரு கிளையை நினைத்தால் அவர் இன்னொன்றை வளைத்தார்.

"அத விடுங்க, அது காய்க்கிறது."

"இம்புட்டுக் குட்டையா இருக்கு, இதுவா காய்க்கும்?"

"அதுதான் காய்க்கும்."

"அப்ப இந்தா, நெட்டையா நிக்கிறது?"

"அதத்தான் வெட்டணும்."

"நல்லா வளர்றத வெட்டிட்டு, வளராதத வெச்சுக்கிடுவியா? என்ன வெவசாயம் இது? எங்க ஊரு எழுமலையில சொன்னாச் சிரிப்பாக."

ஒரு மணி நேரத்தில் நான்கு கிளைகள் வெட்டினோம். அவற்றில் இரண்டு வெட்டியிருக்கக் கூடாதவை. கத்தரியைக் கொண்டுபோய்ப் பட்டறையின் ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். மார்கழி தொடங்கியது. விடியற்காலையில் வாசலில் கோலமிடும்போது கட்டைவிரல் வலித்தது. ஆயினும் கோலத்தை நிறுத்தும்படி என்னிடம் யாரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமைதோறும் அவர் எழுமலைக்குப் போவார். அங்கே பங்காளிகள் பார்த்துக்கொள்ளும் எங்கள் நிலத்தை ஒருமுறை சுற்றி வந்தால்தான் அவருக்கு அந்த வாரம் முடியும். மார்கழியின் முதல் வியாழனன்று அவர் பேருந்தேறியதும், நான் கத்தரியை எடுத்துத் துவைகல்லின் மேல் வைத்து அந்தப் பச்சைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர்க் குழாயில் ஒழுகும் இடங்களைக் கட்டுவதற்காகப் பழைய சைக்கிள் ட்யூபை நாடா நாடாவாகக் கத்தரித்து ஒரு டப்பாவில் வைத்திருந்தேன். ஒரு நாடாவை எடுத்தேன். பொத்தானின் மேல் ஒரு பட்டாணியை வைத்து, அதன்மேல் நாடாவை இழுத்து மூன்று சுற்றுச் சுற்றி முடிந்தேன். பொத்தான் அமுங்கியபடியே நின்றது. வலக்கையால் விசையைத் தொட்டேன். அலகு மூடித் திறந்தது.

அன்று காலை நான் முதல் மரத்தை முடித்தேன். இடக்கையால் பற்றி, வலக்கையால் தொட, கிளை சத்தமில்லாமல் என் கையோடு வந்தது. விரல் வலிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மரத்தை அதன் உள்ளே வெளிச்சம் விழும்வரை என்னால் திறக்க முடிந்தது. முடித்ததும் நாடாவை அவிழ்த்து டப்பாவில் போட்டேன். பட்டாணியைக் காக்கைக்கு எறிந்தேன். கத்தரியை அதே ஆணியில் அதே திசையில் மாட்டினேன்.

மாலையில் அவர் வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தார். வெட்டுவாய்கள் ஒவ்வொன்றையும் தன் அரைவிரலால் தடவினார்.

"பாத்தியா? பழகுனா வருதுல்ல? ரெண்டு கையும் கருவியில இருந்துக்கிட்டு எம்புட்டுச் சுத்தமா வெட்டியிருக்க!"

"ஆமா, பழகிருச்சு" என்றேன்.

தேர்வில் பார்த்து எழுதிய பிள்ளைகளிடம் பெற்றோரை அழைத்துவரச் சொன்னவள் நான். அந்த இரவு அவர் மகளிடம் தொலைபேசியில் தன் இரண்டாவது பொத்தானின் வெற்றியை விவரித்துக்கொண்டிருந்தபோது, நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வியாழன் இரண்டாவது மரம். பாதி முடிந்திருந்தபோது வாசலில் கூப்பிடும் சத்தம். வந்தவர், என் கணவரோடு கப்பலூரில் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர். இப்போது ஒத்தக்கடையில் கிரில் கதவு செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். எங்களிடம் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தர வந்திருந்தார். அவரைப் பின்பக்கம் வரச் சொல்லிவிட்டுக் காப்பி கலக்க உள்ளே போனேன். கத்தரியை, கட்டிய நாடாவோடு, துவைகல்லின் மேல் வைத்துவிட்டுத்தான் போனேன்.

பால் பொங்குவதற்குள் என் கணவரின் குரல் கேட்டது. எழுமலையில் பார்க்க வேண்டிய ஆள் ஊரில் இல்லாததால் முந்தைய பேருந்திலேயே திரும்பிவிட்டாராம். அடுப்பை அணைத்துவிட்டு நான் ஓடிவருவதற்குள், நண்பர் கத்தரியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தார்.

"யே மாப்ள! இந்தப் பழக்கம் இன்னும் ஒன்னய விட்டுப் போகலையாடா?"

"எந்தப் பழக்கம்?"

"இந்தா, ட்யூபக் கட்டி வெச்சிருக்கியே! மூணு சுத்து, ஒரு முடிச்சு. நாம கட்டுன அதே கட்டு."

என் கணவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நண்பர் என்னிடம் திரும்பி, ஏதோ கல்லூரிக் காலத்துக் குறும்பைச் சொல்வது போலச் சொன்னார்.

"ஒங்களுக்குத் தெரியாததா தங்கச்சி? ரெண்டு பட்டனையும் அமுக்கிக்கிட்டு நின்னா ஒரு ஷிப்டுக்கு எம்புட்டுப் பீஸு அடிக்க முடியும்? ஒரு பட்டன ட்யூபு போட்டுக் கட்டிர்றது. ஒரு கை பட்டன்ல, ஒரு கை உள்ள. தட்டு தட்டுனு போகும். இன்ஸ்பெக்சன்னு விசில் வந்தா அம்புட்டுப் பேரும் அவுத்துருவோம். இவன் கை மாட்டுன அன்னைக்கும் நாந்தேன் கரண்ட நிறுத்திட்டு மொதல்ல அந்த ட்யூப அவுத்துப் பையில போட்டேன். பெறகுதேன் வண்டி பிடிக்க ஓடுனேன். இல்லாட்டி வேலை போயிருக்கும்ல?"

யாரும் சிரிக்காததை அவர் அப்போதுதான் கவனித்தார். கத்தரியை மெதுவாகத் துவைகல்லில் வைத்தார். "சரி மாப்ள, கடையில ஆளு தனியா இருக்கான். வாரேன். காப்பி இன்னொரு நாளைக்குக் குடிக்கேன் தங்கச்சி." ஏணியைச் சுவரில் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

நாங்கள் இருவரும் அரைகுறையாக வெட்டப்பட்ட மரத்தின் முன் நின்றோம். அவர் நாடாவின் முடிச்சை அவிழ்த்தார். பட்டாணி உருண்டு கீழே விழுந்தது.

"அப்ப, மெஷின் டபுள் அடிக்கல?" என்று கேட்டேன்.

"இல்ல."

"நான் எழுதின மனு?"

பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றக் கேட்டு நிர்வாகத்துக்கு அன்று மனு எழுதிக் கொடுத்தவள் நான்தான். அவர் சொல்லச் சொல்ல, ஓரிரவு உட்கார்ந்து, என் முத்தான கையெழுத்தில் எழுதினேன். "தொழிலாளியின் கவனக்குறைவு எள்ளளவுமின்றி, முற்றிலும் இயந்திரத்தின் பழுதால் நேர்ந்த இவ்விபத்து" என்ற வரி இன்றும் எனக்கு மனப்பாடம். அந்த "எள்ளளவும்" என்ற சொல்லைச் சேர்த்தது என் சொந்த விருப்பம்.

"நல்லா எழுதியிருந்த" என்றார் அவர்.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை ஆண்டுகள் மறைத்ததற்காக என்று எவரும் எண்ணலாம். அதற்காக மட்டுமன்று. தான் செய்ததற்கான பயத்தை இத்தனை காலம் வைத்திருந்து, கடைசியில் என் கத்தரியில் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறாரே என்பதற்காக.

"ட்யூபு கட்டுறதுக்கு ஒனக்கு யாரு சொல்லித் தந்தா?" என்று அவர் கேட்டார். குரலில் அதட்டல் இல்லை. அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது.

"யாரும் சொல்லித் தரலை. வேலை நடக்க விடாத பட்டன வெச்சா, யாரும் அதக் கட்டத்தான் செய்வாங்க. நீங்க கட்டலையா?"

அவர் பாதியோடு நிற்கும் இரண்டு விரல்களையும் வலது உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு, "நீ எங்க பிடிச்சு வெட்டுவ? காட்டு" என்றார்.

ஒரு கிளையைப் பற்றிக் காட்டினேன். என் இடக்கைக்கும் கத்தரியின் அலகுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. அதை அவர் பார்த்ததை நான் பார்த்தேன். கத்தரியை வாங்கிக்கொண்டு பட்டறைக்குள் போனார்.

மீண்டும் காத்திருப்பு. மூன்று நாள் பட்டறையில் இரும்பு தேய்க்கும் இயந்திரத்தின் சத்தம், நாலாம் நாள் நிசப்தம். தை நெருங்கிக்கொண்டிருந்தது. பாதி மரம் பாதியாகவே நின்றது. தை பிறந்த பிறகு வெட்டினால் துளிர்க்க வேண்டிய காலம் தவறிவிடும். சோறு போடும்போது மட்டும் பேசினோம். இனி ஒருபோதும் எதற்கும் ஆசைப்படுவதாக மகளிடம் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தேன். இந்த முடிவை முன்பும் சிலமுறை எடுத்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள் காலையில் கத்தரியோடு வந்தார். இரண்டாவது கைப்பிடியும் பச்சைப் பொத்தானும் இல்லை. அவை இருந்த இடத்தில் சுத்தமாக அடைத்த இரண்டு துளைகள் மட்டும் இருந்தன. கூடவே முழங்கை நீளத்தில் ஒரு கம்பி. அதன் ஒரு முனை கொக்கியாக வளைந்து, மறுமுனையில் சைக்கிள் ட்யூபைத் தடிமனாகச் சுற்றிய பிடி. என் டப்பாவிலிருந்த நாடாக்கள் எல்லாம் அந்தப் பிடியில் இருந்தன.

"எனக்கு ஆனதுக்குப் பெறகு பிரஸ்காரங்களுக்கு எல்லாம் இடுக்கி கொடுத்தாக. பீஸ இடுக்கியாலதேன் உள்ள வைக்கணும். கை வெளியவே இருக்கும். வேலையும் நடந்துச்சு. அத முன்னாடியே குடுத்திருந்தா..." முடிக்கவில்லை. "கொக்கியால கிளைய இழு. கை இங்கன இருக்கட்டும். கம்பி நீளத்துக்கு இந்தப் பக்கம்."

கொக்கி கனமாக இருந்தது. என் இடக்கை பத்து நிமிடத்தில் களைத்தது. கிளை கொக்கியிலிருந்து நழுவியது. கொக்கி பக்கத்துக் கிளையில் மாட்டியது. இரண்டுமுறை அது என் காலில் விழுந்தது. வெறுங்கையால் ஒரு மரத்துக்கு ஒரு காலைப்பொழுது போதும்; கொக்கியோடு இரண்டாயின. இதைச் சொன்னேன். கம்பியை மெலிதாக்கித் தருவதாகச் சொன்னார். "எப்ப? அடுத்த மார்கழிக்கா?" என்றேன். நான் வெட்டிய எல்லா நேரமும் அவர் சுவரோரம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். என் இடக்கை சற்று முன்னே நகர்ந்தால் போதும்.

"கொக்கி."

"தெரியும்."

"டீச்சர், கொக்கி."

"தெரியுதுங்க!"

வகுப்பில் பிள்ளைகளிடம் "முற்றுப்புள்ளி, முற்றுப்புள்ளி" என்று ஓயாமல் சொன்னவள் நான். அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது இப்போது தெரிந்தது.

பொங்கலுக்கு முந்தைய நாள் நான்காவது மரம். கடைசியில் ஒரே ஒரு போத்து மிஞ்சியது. மரத்தின் நடுவில், இரண்டு குட்டைக் கிளைகளுக்கு இடையே, பென்சில் கனத்தில் நின்றது. கொக்கியை நுழைத்தால் காய்க்கும் கிளைகள் இரண்டும் முறியும். நான்குமுறை முயன்றேன். எரிச்சலில் கொக்கியை மண்ணில் போட்டுவிட்டு இடக்கையை உள்ளே நீட்டினேன். போத்தைப் பற்றினேன். அலகை அதன் அடியில் வைத்தேன். "கொக்கி" என்ற சொல்லுக்காகவும், அதற்கு நான் சொல்லப்போகும் பதிலுக்காகவும் காத்திருந்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இடக்கை அக்குளுக்குள் இறுக்கி வைக்கப்பட்டிருந்தது. தோள்கள் இரண்டும் காதுவரை தூக்கியிருந்தன, ஒரு சத்தத்தை எதிர்பார்ப்பவரைப் போல.

விசையிலிருந்து விரலை எடுத்தேன். இடக்கையை வெளியே இழுத்துக்கொண்டேன். முள் ஒன்று மணிக்கட்டில் கீறியது. கீழே கிடந்த கொக்கியை எடுத்து மண்ணைத் தட்டினேன். மரத்தைச் சுற்றி மறுபக்கம் வந்து, முழங்காலிட்டு, கீழிருந்து கொக்கியை மேலே செலுத்தினேன். நெடுநேரம் ஆயிற்று. ஒரு குட்டைக் கிளை முறிந்துவிட்டது. எனக்கு அதில் மிகுந்த வருத்தம். ஆனாலும் போத்து என் கொக்கியோடு வந்தது.

"முடிஞ்சிருச்சு. திரும்பலாம்" என்றேன்.